வீட்டைப் பையன் பேர்ல எழுதி வைக்கலாமா?

கேள்வி: வயசு 43, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை, பிடித்தம் போக 68 ஆயிரம் வருது. பையனுக்கு 13, தீவிர ஆட்டிசம், பேச்சு வராது, குளிக்க சாப்பிட எல்லாத்துக்கும் ஆள் வேணும், மனைவி அதுக்காகவே வேலையை விட்டுட்டாங்க. 8 வயசுல பொண்ணும் இருக்கா. பையன் பேர்ல 12 லட்சம் எஃப்டி போட்டிருக்கோம், மச்சான் வீட்டையும் அவன் பேர்ல எழுதிடச் சொல்றார், ஏஜென்ட் சைல்டு பிளான்ங்கறார். எங்களுக்கப்புறம் அவனுக்கு என்ன சார் வழி?

பதில்: மச்சான் நல்ல மனசோடதான் சொல்றார், ஆனா வேண்டாங்க. நாளைக்கு அந்த வீட்டை வாடகைக்கு விடணும்னாலும் விக்கணும்னாலும் கையெழுத்து யார் போடுவா? 18 முடிஞ்சதும் சட்டப்படி நீங்களே தானா அவனுக்கு கார்டியன் கிடையாது, எஃப்டிய எடுக்கப் போனா பேங்க்லயே இது இடிக்கும். ஆட்டிசம் மாதிரி குறைபாடு இருக்கறவங்களுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல (1999), கார்டியனை நியமிக்க மாவட்டத்துக்கு ஒரு கமிட்டி இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சு 18 ஆனதும் உங்களை கார்டியனா போடச் சொல்லி மனு போட்டுடுங்க.

சொத்துக்கு, ஒரு நல்ல வக்கீலைப் புடிச்சு பையனுக்காக பிரைவேட் டிரஸ்ட் போடுங்க, அதாவது சொத்தை அவனுக்காகன்னு வேற ஆள் பொறுப்புல வைக்கற பத்திரம், இப்போ நீங்க ரெண்டு பேரும் டிரஸ்டி (அந்தப் பொறுப்பாளர்), உங்களுக்கப்புறம் யாருன்னும் பத்திரத்துலயே இருக்கணும், அவனுக்குன்னு ஒதுக்கறது உயில் வழியா டிரஸ்ட்டுக்கே போகட்டும். பணத்தைப் பாக்கறவரும் பையனைப் பாக்கறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுங்கறது என் கட்சி, ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேக்கணும்ல. அப்புறம் "தங்கச்சி பாத்துப்பா"னு சொந்தக்காரங்க ஆரம்பிப்பாங்க, 8 வயசுப் பொண்ணு தலையில அதை இப்பவே கட்டாதீங்க.

எவ்ளோ வேணும்? அவன் செலவு இன்னிக்கு மாசம் 30 ஆயிரம்னு வைங்க, போட்ட பணம் விலைவாசி அளவுக்கு மட்டும் வளந்தாக்கூட 50 வருஷத்துக்கு 1.8 கோடி ஆகுது, இதுல மனைவி செய்ற வேலைக்கு ஆள் போடற சம்பளம் இருக்கான்னு பாத்துக்கோங்க, பெரும்பாலும் அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. சைல்டு பிளான் காலேஜ் ஃபீஸுக்குன்னு 18, 21ல காசு தர்றது, உங்களுக்கு அது எதுக்கு? 2 கோடிக்கு டேர்ம் பாலிசி (இறந்தா மட்டும் குடும்பத்துக்குப் பணம் தர்ற இன்சூரன்ஸ்) எடுங்க, மனைவிக்கும் எவ்ளோ தர்றாங்களோ அவ்ளோ.

பிஎஃப்ல ஒரு விஷயம் பல ஹெச்ஆருக்கே தெரியாது. இபிஎஸ்ல (பிஎஃப் கூடவே வர்ற பென்ஷன் திட்டம்) மெம்பரா இருக்கறவர் இறந்துட்டா, முழுசா நிரந்தரமா மாற்றுத்திறனாளியா இருக்கற பிள்ளைக்கு வயசு வரம்பு இல்லாம பென்ஷன் உண்டு, தொகை சின்னதுதான், இருந்தாலும் அவன் பேரு ஃபேமிலி லிஸ்ட்ல இருக்கான்னு இன்னிக்கே செக் பண்ணுங்க. நேஷனல் டிரஸ்ட்டோட நிராமயா ஹெல்த் இன்சூரன்ஸும் எடுத்துடுங்க, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் கவர், தெரபிக்கும் ஒரு பங்கு வரும், பிரீமியம் சில நூறு ரூபாதான். பையனோட மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்ல 80 சதவீதமோ அதுக்கு மேலயோ போட்டிருந்தா, பழைய வரி முறைல 80டிடினு சொல்ற கழிவு (மாற்றுத்திறனாளியைப் பாத்துக்கற குடும்பத்துக்கானது) 1,25,000 ரூபா, புது முறைல இருந்தீங்கன்னா அது கிடையாது, அதனால ரெண்டையும் கணக்குப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.