620 அடிக்குப் பணம், 540 அடிக்குக் குழி

கேள்வி: 620 அடி போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். மோட்டார் இறக்கும்போது கயிறு விட்டுப் பார்த்தால் 540 அடிதான். பில் தரவில்லை. (ஓமலூர்)

பதில்: வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் சண்டைக்குப் போகுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். உள்ளே மண் சரிந்து அடி மூடியிருக்கலாம். கம்ப்ரசர் வைத்து ஃபிளஷிங் செய்துவிட்டு (காற்றடித்து உள்ளே கிடக்கும் மண்ணை வெளியேற்றிவிட்டு), சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 540 தான் என்றால் விடாதீர்கள். பில் இல்லாவிட்டாலும் வங்கி வழியாகப் பணம் போன பதிவு, வாட்ஸப் பேச்சு எல்லாமே ஆதாரம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணமும் கிடையாது.

இனி போர் போடப் போகிறவர்கள், வண்டி வந்ததும் ராடு (துளை போட ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் இரும்புக் குழாய்) ஒன்றின் நீளத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். என் அண்ணன் வீட்டில் போட்டபோது, ராத்திரி 2 மணி வரை அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ராடு இறங்க இறங்கச் சுவரில் கரியால் கோடு போட்டார். 20 அடி ராடு, 23 கோடு. பில்லும் 460 அடிக்குத்தான் வந்தது.

கேள்வி: பிடிக்கும்போது தெளிவாக இருக்கிற தண்ணீர், காலையில் வாளியில் செந்நிறமாகப் படிகிறது. (ஆவடி)

பதில்: இரும்பு. காற்று பட்டதும் துருவாகிறது. தொட்டியில் விழும் இடத்தில் ஷவர் போலச் சிதறவிட்டு, படியவைத்து, மணல் வடிகட்டியில் விடுங்கள்.

கேள்வி: விற்பனையாளர் எங்கள் போர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். சேறு மாதிரி ஆகிவிட்டது. அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. வாங்கலாமா? (தாம்பரம்)

பதில்: வாங்காதீர்கள். இந்தச் சோதனை சுத்த ஏமாற்று. அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்தது இல்லை, அவர் விட்ட இரும்புக் கம்பி கரைந்து வந்தது. போர் தண்ணீரில் உப்பு இருப்பதால் கரண்ட் பாய்கிறது, கம்பி கரைகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் ஒன்றும் நடப்பதில்லை. அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும்.

2011ல் எங்கள் சாப்பாட்டு மேஜையிலும் இதையே செய்தார்கள். குழந்தை குடித்துக்கொண்டிருந்த டம்ளரை என் மாமியார் பதறிப்போய்ப் பிடுங்கினார். அன்றே 14,500 ரூபாய் கொடுத்தேன். அப்புறம் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 380 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் 500 வரை ஏற்கிறது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. பெற்றவர்களின் பயத்தைக் காசாக்குகிறவர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பணத்தில் சிறு பகுதியைக் கொடுத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். கிருமிப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது.

கேள்வி: மூன்றாவது முறையாக மோட்டார் காயில் கருகிவிட்டது. கோடையில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. எந்த பிராண்டு நல்லது? (பல்லடம்)

பதில்: எந்த பிராண்டும் கருகும். சப்மெர்சிபிள் மோட்டாரின் சூட்டைத் தணிப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்? முதல் மோட்டார் போனபோதே இதைக் கேட்டிருக்க வேண்டும். நீர்மட்டத்தையும் ஊற்றையும் அளந்து, அதற்கேற்ற எச்.பி. எடுங்கள். பேனல் போர்டில் டிரை ரன் கட்-ஆஃப் (தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி) வைக்காமல் நான்காவதை இறக்காதீர்கள்.

கேள்வி: பரிசோதனையில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா? (தருமபுரி)

பதில்: போதாது, கொதித்துச் சுண்டச் சுண்ட ஃபுளோரைடு கூடத்தான் செய்யும். உச்ச வரம்பே 1.5 தான். ஆர்.ஓ. உண்மையிலேயே தேவைப்படுவது உங்களுக்குத்தான். அது வரும்வரை குழந்தைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் பிடியுங்கள், இன்றைக்கே.