சைட்டேஷன் பிடித்துத் தேடுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கும் நிழல் மரங்களுக்கும் உள்ள தொடர்புதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கூகுள் ஸ்காலரில் தேடினால் கட்டுரைகள் கொட்டுகின்றன. பல ஆப்பிரிக்காவைப் பற்றியவை. கைடு, “சைட்டேஷன் பிடித்துப் போங்கள்” என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
- ஆய்வு மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கைடு சொன்னதுதான் சரியான வழி. ஒரு கட்டுரை காட்டும் மேற்கோள்களையும் (சைட்டேஷன்), அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளையும் பிடித்துக்கொண்டே போவதுதான் அது. நம் மலைகளில் அராபிகா செடியைத் துளைப்பது சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ். ஆப்பிரிக்கக் கட்டுரைகளில் கிட்டத்தட்ட இதே ஆங்கிலப் பெயரில் வருவது மோனோகாமஸ் லூகோனோட்டஸ் என்ற வேறொரு வண்டு. தேடுபொறி இரண்டையும் ஒன்றாக அள்ளிப் போடுகிறது. அறிவியல் பெயரை இட்டுத் தேடி, உங்கள் தலைப்பை நேராகத் தொடும் மூன்று முதல் ஐந்து கட்டுரைகளை மட்டும் முதலில் எடுங்கள். இவைதான் உங்கள் விதைக் கட்டுரைகள்.

இந்தத் தேர்வில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐந்தும் ஒரே ஆய்வுக்கூடத்தில் எழுதியவையாக இருந்தால், அவர்கள் தங்களையே மேற்கோள் காட்டியிருப்பார்கள். நீங்களும் அந்த வட்டத்தைத் தாண்ட மாட்டீர்கள். ஒன்று பூச்சியியல், ஒன்று நிழல் மேலாண்மை, ஒன்று பத்துப் பதினைந்து வருடம் பழையது, ஒன்று அண்மையில் வந்தது என்று கலந்து எடுங்கள்.

இனி இரண்டு திசை. பின்னோக்கி என்றால் கட்டுரையின் கடைசியில் உள்ள ரெஃபரன்ஸ் பட்டியல். அதை வரிசையாகப் படிப்பதைவிட, கட்டுரைக்குள் நிழல் பற்றிய பத்தியைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் யாரைச் சுட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நிழல் குறைந்து வெயில் தண்டில் படும் இடத்தில் துளைப்பான் தாக்குதல் கூடும் என்று ஒரு வரி வந்தால், அந்த வரிக்கு ஆதாரமாகக் காட்டிய கட்டுரையைத் திறந்தே ஆக வேண்டும். அங்கே அளந்த தரவு இருக்கலாம்; இன்னொருவரைச் சுட்டும் வெறும் வாக்கியமாகவும் இருக்கலாம். மூலத் தரவு கிடைக்கும் வரை இறங்குங்கள்.

முன்னோக்கி என்றால், அந்தக் கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று பார்ப்பது. தகவல் அறிவியலாளர் யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் முன்வைத்த யோசனை இது. கூகுள் ஸ்காலரில் தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். முடிவின் கீழே ‘சைட்டட் பை’ என்று ஓர் எண் இருக்கும். அதை அழுத்தி, வரும் பக்கத்தின் மேலே ‘சர்ச் விதின் சைட்டிங் ஆர்ட்டிகிள்ஸ்’ கட்டத்தை டிக் செய்துவிட்டு, நிழல், சில்வர் ஓக் போன்றவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக இடுங்கள். டிக் போட மறந்தால் தேடல் பழையபடி எல்லாவற்றுக்கும் ஓடிவிடும். எந்தப் பட்டியலிலும் ஸ்காலர் 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. எண் அதைத் தாண்டினால் ஆண்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

தலைப்பில் எழுத்துப் பிழையோடு யாராவது சுட்டியிருந்தால், அதே கட்டுரை தனிப் பதிவாகக் கிடக்கும். அதன் ‘சைட்டட் பை’யையும் திறக்க வேண்டும். மேற்கோள் காட்டியவர் எல்லாரும் உங்கள் தலைப்பில் எழுதியவர் அல்லர் என்பதும் நினைவிருக்கட்டும். முன்னுரையில் ஒரு வரிக்காகச் சுட்டியவரே அதிகம்.

ஒவ்வொரு கட்டுரையும் எந்த விதைக் கட்டுரையிலிருந்து, எந்தத் திசையில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எக்செலில் குறியுங்கள். ரெஃபரன்ஸ்களைச் சேமிக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் சேர்த்துவிட்டால் இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கிவிடலாம். தோட்டக்கலை நிலையங்களின் பழைய அறிக்கைகளும் தமிழ் வெளியீடுகளும் இந்த வலையில் பெரும்பாலும் சிக்காது. அவற்றுக்கு நூலக அலமாரிக்கும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள ஆய்வேடுகளின் ரெஃபரன்ஸ் பக்கங்களுக்கும்தான் போக வேண்டும். நம் மாவட்டத்து ஆய்வுகளுக்கு இது மிக முக்கியம்.

கேள்வி: சேலம் மேக்னசைட் சுரங்கக் கழிவு மண்ணில் என்ன செடி வளரும் என்பது என் திட்டம். கையில் உள்ள ஒரே நல்ல கட்டுரை புதிது; அதை இன்னும் யாரும் மேற்கோள் காட்டவில்லை. எங்கள் கல்லூரியில் சந்தா தரவுத்தளமும் கிடையாது.
- முதுகலை மாணவர், ஓமலூர்

பதில்: முன்னோக்கிய வழி அடைபட்டால் பக்கவாட்டில் போகலாம். ஒரே ரெஃபரன்ஸ்களைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே பிரச்சினையைப் பேசுபவை. 1963இல் கெஸ்லர் என்ற ஆய்வாளர் இதை ஒரு முறையாகவே வகுத்தார். உங்கள் கட்டுரையின் ரெஃபரன்ஸ்களில் நான்கைந்து மையமானவற்றை எடுத்து, ஒவ்வொன்றின் ‘சைட்டட் பை’ பட்டியலையும் திறங்கள். இரண்டு மூன்று பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டுரைகளைப் படியுங்கள். மக்னீசியம் மிகுந்து கால்சியம் குறைந்த செர்பென்டைன் மண்ணைப் பற்றிய வெளிநாட்டு ஆய்வுகளில் போய் நிற்பீர்கள். மேக்னசைட் என்ற சொல்லே இல்லாத அந்தக் கட்டுரைகள்தான் உங்களுக்கு அதிகம் உதவும்.

சந்தா பற்றிக் கவலை வேண்டாம். கூகுள் ஸ்காலரும் 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமும் இலவசம். முழுக் கட்டுரை வேண்டுமென்றால், உங்களுடையது அரசுக் கல்லூரியாக இருக்கும்பட்சத்தில், ஆய்விதழ்களைப் படிக்க மத்திய அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

கேள்வி: எப்போது நிறுத்துவது?
- வாசகர், ஏற்காடு

பதில்: புதிதாகச் சேர்த்தவற்றிலிருந்து மறுபடி இரு திசையிலும் போய், தலைப்புக்குப் பொருந்துவதாக எதுவும் தேறவில்லை என்றால் நிறுத்தலாம். முக்கியமான விதைக் கட்டுரைகளுக்கு ஸ்காலரில் அலர்ட் வைத்துவிடுங்கள். புதிய மேற்கோள் வந்தால் மின்னஞ்சல் வரும். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் பட்டியலில் இருக்கிறதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் சரிபாருங்கள். திரும்பப் பெற்ற பிறகும் அத்தகைய கட்டுரைகளை மேற்கோள் காட்டுவது நிற்பதில்லை. மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து நம்பிவிடக் கூடாது.