ரெண்டு கிழமை யாருக்கு உதவி?

கேள்வி: கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். மகன் ஸ்காபரோவில் இருக்கிறான், வருகிற வருடம் விசிற்றர் விசாவில் போகிறேன். செப்ரெம்பர் 30 அன்று பேத்தி ஓரேஞ்ச் ரீசேர்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன படத்தை மகன் அனுப்பியபோதுதான் கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நடந்தது எனக்குத் தெரிய வந்தது. ஒன்ராறியோவின் வடக்கே ஜேம்ஸ் குடாப் பக்கத்தில் கிறீ என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களில் ஆசிரியர் பற்றாக்குறையாம். சம்பளம் வேண்டாம், ரெண்டு கிழமை போய்ப் படிப்பித்துவிட்டு வரலாம் என்று ஆசை. மகன் "விசர் வேலை" என்கிறான். போகலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்

பதில்: ரீச்சர், ஆசையில் பிழை இல்லை, அந்த ரெண்டு கிழமையில்தான் பிழை.

நெடுந்தீவுப் பள்ளிக்கூடங்களை நினைத்துப் பாருங்கள். அதிகஷ்டப் பிரதேசம் என்று முத்திரை குத்திய இடங்களில் புது ஆசிரியர் வந்து இறங்கினால் பிள்ளைகள் முதலில் கேட்பது பெயரை அல்ல, எப்போது மாற்றலாகிப் போகப் போகிறீர்கள் என்பதைத்தான். ஜேம்ஸ் குடா ஊர்களிலும் இதே கதைதான். தெற்கிலிருந்து ஆசிரியர்கள் வருவார்கள், ஒரு குளிர்காலம் தாக்குப்பிடிப்பார்கள், அப்புறம் போய்விடுவார்கள், அடுத்த வருடம் வருகிறவர் அதே பின்னத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அங்கே குறைவது வந்து போகிற ஆட்கள் இல்லை, நிற்கிற ஆட்கள். 2009க்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கும் எத்தனை பேர் கமராவோடு வந்து, பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து, ரெண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்! அவர்களில் ஒருவரின் பெயராவது ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றும் இருக்கிறது. வெளியாள் ஒருவர் புத்தகத்தோடு வந்து "படிப்பிக்கிறேன்" என்று நிற்பது அந்த ஊர்களில் சாதாரண விசயம் இல்லை. கனடா முழுக்க 150,000க்கு மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள், சொந்தமொழி பேசினால் அடி. ஜேம்ஸ் குடாக் கரையில் போர்ட் அல்பனி என்ற ஊரில் இருந்த சென் ஆன்ஸ் வதிவிடப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மின்சாரம் பாய்ச்ச ஒரு கதிரையே வைத்திருந்தார்கள். அங்கே படித்தவர்கள்தான் இன்று அந்தக் கரையோர ஊர்களில் அம்மம்மாக்களும் தாத்தாக்களும். உங்கள் பேத்தி போட்ட ஓரேஞ்ச் ரீசேர்ட் அதற்காகத்தான்.

அதற்காக அந்தப் பிள்ளைகளைப் பாவம் பார்க்கவும் வேண்டாம். அற்றவபிஸ்கற் என்ற ஊரில் 1979இல் பள்ளிக்கூடத்துக்கு அடியில் டீசல் கசிந்தது. கட்டடத்தை மூடியதோ 2000இல். அதன்பிறகு பத்து வருடத்துக்கு மேல் பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைகளில் படித்தார்கள். ஷானன் கூஸ்ரச்சின் என்ற 13 வயதுப் பிள்ளை 2008இல் ஒட்டாவாவுக்கே போய் அமைச்சரின் முகத்துக்கு நேரே பேசினாள். 2010இல் வீதி விபத்தில் அவள் இறந்துபோனாள், புதுப் பள்ளிக்கூடம் திறந்தது 2014இல். அவர்களுக்காகப் பேச ஆள் தேவைப்படவில்லை ரீச்சர், அவர்களே பேசினார்கள். கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

சரி, மனம் கேட்கவில்லை, போகத்தான் வேண்டும் என்றால், குறைந்தது ஒரு தவணையாவது நிற்கிற மாதிரிப் பாருங்கள். அந்த ஊரின் கல்வி நிர்வாகத்துக்கு எழுதுங்கள், அவர்கள் கூப்பிட்டால் மட்டும் போங்கள். கூப்பிடாமல் போய் இறங்கினால் உங்களுக்குப் படுக்கை தேடுவதே அவர்களுக்கு ஒரு வேலையாகிவிடும். வீட்டுப் பற்றாக்குறை தாங்காமல் இதே அற்றவபிஸ்கற் 2011இல் அவசரநிலை அறிவித்த ஊர். பொலிஸ் கிளியரன்ஸை இங்கேயே எடுத்து வையுங்கள், பிள்ளைகளோடு பழகுகிற எவரிடமும் கேட்பார்கள். விசிற்றர் விசாவில் போய்ச் சம்பளம் வாங்காமல் படிப்பித்தாலும் அதை வேலை என்று கணக்கெடுக்க இடமிருக்கிறது. ஆகவே வேலை அனுமதி தேவையா என்று குடிவரவுத் திணைக்களத்திடம் முதலே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயணமும் லேசில்லை. அந்தப் பக்கத்துக்கு வாசல் மாதிரி இருக்கிற மூசனி ஊருக்கு வீதி கிடையாது, தெற்கே கொக்ரேன் என்ற ஊரிலிருந்து ரெயிலில் சுமார் 300 கிலோமீற்றர். அங்கிருந்து மூஸ் பக்ரறித் தீவுக்குக் கோடையில் படகு, மாரியில் உறைந்த ஆற்றின் மேலால் வாகனம், பனி கட்டுகிற நாட்களிலும் உடைகிற நாட்களிலும் ஹெலிகொப்ரர். குறிகாட்டுவான் இறங்குதுறையில் கடல் கொந்தளிப்பு என்று காத்துக் கிடந்தவர்களுக்கு இது விளங்கும். அதற்கும் வடக்கே பிளேன்தான், மாரியில் மட்டும் சில மாதம் பனி வீதி.

இவ்வளவும் பெரிய பாடாகத் தெரிந்தால் ரொறன்ரோவிலேயே ஸ்பதைனா வீதியில் பூர்வகுடி மக்களின் நிலையம் ஒன்று இருக்கிறது, 1962இல் தொடங்கியது, தொண்டர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மகன் வீட்டிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் எடுத்தால் போய்விடலாம், ஆறு மாதமும் கிழமை தவறாமல் போகலாம். என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: என் தங்கை ஒன்ராறியோவில் படித்து ஆசிரியையானவள், மூசனிப் பக்கம் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?
– நல்லூர் வாசகர்

பதில்: அரிசி, பருப்பு, கறித்தூள் எல்லாம் ரொறன்ரோவிலேயே கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மரக்கறி வரும், ஆனால் தூரத்திலிருந்து வருவதால் விலை கண்ணைக் கட்டும். வசந்தத்தில் வாத்து வேட்டைக்கென்றே பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள், ஊரே காட்டுக்குப் போய்விடும். உரித்த காட்டு வாத்தைக் கயிற்றில் கட்டி நெருப்புக்குப் பக்கத்தில் தொங்க விடுவார்கள். கயிறு முறுக்கேறி முறுக்கவிழ வாத்து தானே சுற்றிச் சுற்றி வேகும், நெய் சொட்டும். யாராவது கூப்பிட்டால் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, கட்டாயம் போகச் சொல்லுங்கள். சேர்ந்து இருந்து கதைப்பதுதான் அங்கே முக்கியம்.

கேள்வி: நேரில் போக முடியாதவர்கள் இங்கிருந்து புத்தகம் சேர்த்து அனுப்பலாமா?
– க.பொ.த. உயர்தர மாணவன், பருத்தித்துறை

பதில்: கேட்டால் அனுப்பலாம் தம்பி. கேட்காமல் அனுப்பினால் தபால் செலவு உங்களுக்கு, அலுமாரி இடம் அவர்களுக்கு நட்டம். கிறீ எழுத்தில் அச்சான சிறுவர் கதைகள்தான் அங்கே தேவை, அவை பருத்தித்துறையில் கிடைக்காது. வீட்டில் கிடக்கிற பழைய பாஸ்ற் பேப்பர் கட்டுகளைக் கழித்துவிடலாம் என்று நினைத்திருந்தால் அதற்கு வேறு வழி பாருங்கள்.