கனமான மடக்குக் கத்தி: வேலைக்கு வாங்கலாம், வழித்துணைக்கு வேண்டாம்

கேள்வி: ஐயா, பினாங்கில், பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் பட்டை, அட்டைப்பெட்டி, தார்ப்பாய்க் கயிறு என்று நாள் முழுக்க அறுக்கும் வேலை. நள்ளிரவுக்கு மேல்தான் மோட்டாரில் பட்டர்வொர்த் திரும்புவேன். வழிப்பறி பயம் இருக்கிறது. வேலைக்கும் ஆச்சு, தற்காப்புக்கும் ஆச்சு என்று கனமான மடக்குக் கத்தி ஒன்று வாங்க நினைக்கிறேன். கோல்ட் ஸ்டீல் ரீகன் 1, ஒன்டாரியோ ரேட் 1, பக் 110 மூன்றில் எது நல்லது?

பதில்: தம்பி, இரண்டாவது பாதியை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அது சிறை சம்பந்தப்பட்டது. மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டம், 6-ஆவது பிரிவு. பொது இடத்தில் சட்டபூர்வமான காரணம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. பிரம்படியும் சேர்ந்து வரலாம். கத்தியை எடுத்து யாரையும் மிரட்டியிருக்கக்கூட வேண்டாம், கையில் இருந்தாலே போதும்.

ராத்திரி ஒரு மணிக்குச் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் உங்கள் இடுப்பைத் தட்டிப் பார்த்து, “இது எதுக்கு?” என்று கேட்கிறார். “பாதுகாப்புக்கு சார்” என்றால், ஆளைக் குத்தத்தான் வைத்திருக்கிறேன் என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். கிடங்கில் பட்டை அறுக்க என்பது காரணம்தான். ஆனால் வேலை முடிந்த பிறகும் அது ஏன் சட்டைப்பையில் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அதனால் கத்தி கிடங்கு லாக்கரிலேயே இருக்கட்டும்.

தற்காப்பு உரிமை நம் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 99-ஆவது பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: தற்காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் காயம் விளைவிக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள். மடக்குக் கத்தி அந்த நேரத்தில் உதவவே உதவாது. மோட்டாரை நிறுத்தி, பையில் கைவிட்டு, வியர்த்த விரலால் திறப்பதற்குள் பறிக்க வந்தவன் பறித்துக்கொண்டு போயிருப்பான். பெரும்பாலான மடக்குக் கத்திகளில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. வேகமாகக் குத்தினால் உங்கள் கையே வழுக்கி அலகின் மேல் போய்விடும். அதற்குப் பதில் வெளிச்சமான சாலையில் சுற்றிப் போங்கள், ஷிப்ட் முடியும் நண்பரோடு சேர்ந்து கிளம்புங்கள், கேட்டால் பையைக் கொடுத்துவிட்டு 999-க்கு அழையுங்கள்.

சரி, இனி வேலைக்கான கத்தி. நீங்கள் சொன்ன மூன்றும் நல்ல பெயர் எடுத்தவை. ஆனால் “எது பலம்” என்று கேட்பதை விட “எது கைமேல் மடங்காது” என்று கேட்பது உபயோகம். அது, திறந்த அலகை மடங்காமல் பிடித்துவைக்கும் பூட்டைப் பொறுத்தது.

ரேட் 1-இல் இருப்பது லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய எஃகுத் தகடு பக்கவாட்டில் வளைந்து அலகின் அடிக்கு முட்டுக் கொடுக்கும். அட்டைத்தூசி உள்ளே அடைந்தால் தகடு முழுதாக வந்து உட்காராது. கடையில் திறந்து, தகடு அலகின் அடியை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுங்கள், அடுத்ததைப் பாருங்கள். பக் 110-இல் பிடியின் முதுகுப்பக்கம் பூட்டு. 1964-இல் வந்த வடிவம், இன்றும் நம்பலாம். ஆனால் எடை சுமார் 200 கிராம், திறக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இது தொல்லை. ரீகன் 1-இன் டிரை-ஆட் பூட்டும் முதுகுப்பக்கம்தான். கூடுதலாக ஒரு முள் நடுவில் நின்று பாரத்தை வாங்கிக்கொள்ளும். மூன்றில் பூட்டு பலம் இதற்குத்தான். ஆனால் 4 அங்குல அலகு. பட்டை அறுக்க அவ்வளவு நீளம் எதற்கு? பார்ப்பவர் கண்ணுக்கும் அது ஆயுதமாகத்தான் தெரியும்.

அடுத்தது எஃகு. ரேட் 1 பெரும்பாலும் இரண்டு வகை எஃகில் கிடைக்கும்: டி2, ஏயுஎஸ்-8. டி2-வில் கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் அது முழுத் துருப்பிடிக்காத எஃகு அல்ல. பிறையின் கடற்காற்றில், வியர்வைக் கையோடு பிடித்துத் துடைக்காமல் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். சாதாரணக் கல்லில் தீட்டவும் நேரம் எடுக்கும். ஏயுஎஸ்-8 சீக்கிரம் மழுங்கும், ஆனால் சீக்கிரம் தீட்டிவிடலாம், துருவும் குறைவு. பினாங்குக்கு நான் ஏயுஎஸ்-8 ரேட் 1-ஐத்தான் சொல்வேன்.

ஆனால் உங்கள் வேலையில் பாதிக்கு மேல் அட்டைப்பெட்டி. அட்டை எந்த எஃகின் கூர்மையையும் தின்றுவிடும். அதற்கு 18 மில்லிமீட்டர் கட்டர் போதும். நுனி மழுங்கினால் ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டை நீட்டிக்கொள்ளலாம். 1956-இல் ஜப்பானில், பின்னாளில் ஓல்ஃபா நிறுவனத்தைத் தொடங்கிய யோஷியோ ஒகாடா கண்டுபிடித்த யோசனை, இன்னும் யாரும் பெரிதாக மிஞ்சவில்லை. மடக்குக் கத்தியைக் கயிறுக்கும் பட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொத்தானை அமுக்கினால் சடாரென்று திறக்கும் கத்தி இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: தொடாதீர்கள். அப்படித் தானாகத் திறக்கும் கத்தியை விற்பதே மேலே சொன்ன சட்டத்தில் குற்றம்.

கேள்வி: டி2 என்று போட்டு இணையத்தில் வாங்கினேன், ஒரே வாரத்தில் கூர் போய்விட்டது. போலியா?

பதில்: கூர் போனதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தீட்டிய கோணமே தப்பாக இருக்கலாம். ஒரு தடவை நன்றாகத் தீட்டிப் பாருங்கள். அதன் பிறகும் அப்படியே என்றால் சந்தேகப்படலாம், அலகில் எழுத்துப் பொறிப்பது பெரிய காரியம் இல்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். விற்றவர் மலேசியாவில் இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் தீர்ப்பு கிடைத்தாலும் பணம் கைக்கு வருவது கஷ்டம். எப்படியிருந்தாலும், விற்றவரிடம் சண்டைக்குப் போகும் முன் அந்த விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் “டி2” என்ற வார்த்தை அங்கிருந்து காணாமல் போய்விடும்.