வார்டு தபால்: வாடகைக்கு இருப்பவருக்கும் சபையில் இடம் உண்டா?

கடிதம் எழுதிய எல்லோருக்கும் வணக்கம். நகராட்சியில் பில் கலெக்டராக வீடு வீடாகப் போய் வரி வசூலித்து ஓய்வு பெற்றவள் நான். கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவரின் தவிப்பும் தெரியும், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் வேலைச் சுமையும் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் இந்த முறை யார் பெயரையும் போடவில்லை.

"நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். தெருக்கோடியில் சாக்கடை அடிக்கடி வழிகிறது. 'ஏரியா சபா' கூட்டம் என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். சொந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் அது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் போனால் பேச விடுவார்களா?" (இரண்டு குழந்தைகளின் தாய்)

தாராளமாகப் போங்கள் அம்மா. அது சொத்து வைத்திருப்பவர்களின் கூட்டம் இல்லை, அந்தப் பகுதி வாக்காளர்களின் கூட்டம். உங்கள் பெயர் அந்தத் தெருவின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் வீட்டுக்காரருக்கு இருக்கும் உரிமை அப்படியே உங்களுக்கும் உண்டு. பழைய முகவரியிலேயே ஓட்டு இருந்தால் படிவம் 8 கொடுத்து இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்புறம் வார்டில் எந்த விஷயத்திலும் தங்களுக்குப் பங்கில்லாதது போல ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம். சாக்கடை வழியும்போது அது வாடகை வீடு, சொந்த வீடு என்று பார்த்தா வழிகிறது?

இந்தச் சபை சும்மா வந்ததில்லை. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் ('ஏரியா சபா' என்பது இதுதான்) சேர்த்து விதிகள் வந்தது 2022-இல்தான். அந்த வருடம் நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமத்து மக்களுக்குக் கிராம சபை இருக்க, நகரத்தில் இருப்பவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு ஓட்டைத் தவிர வேறு வாய்ப்பே இல்லாமல் இருந்தது. இவ்வளவு தாமதமாகக் கிடைத்ததை நாம் விட்டுவிடக் கூடாது.

சரி, போய் என்ன பேசுவது? "எங்க தெருவுக்கு யாருமே எதுவுமே செய்யலை" என்று ஆரம்பித்தால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், ஆனால் எழுதிக்கொள்ள அதில் எதுவும் இருக்காது. "இன்ன தெருவில், இத்தனாம் நம்பர் வீட்டுக்கு எதிரே இருக்கும் மேன்ஹோல், மழை இல்லாத நாளிலும் காலை ஏழு மணிக்கு வழிகிறது" என்று சொன்னால் உதவிப் பொறியாளர் மறுநாள் ஆளை எங்கே அனுப்ப வேண்டும் என்பது அதிலேயே வந்துவிடுகிறது. இதை ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பேசி முடித்ததும், "இதை மினிட்ஸில் ஏற்றிவிட்டீர்களா?" என்று கூட்டக் குறிப்பு எழுதுகிறவரிடம் கேளுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது. அலுவலகத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மினிட்ஸில் ஏறாத கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் யாரும் தேட முடியாது. ஏறிவிட்டால், "போன முறை பதிவான விஷயம் என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்கலாம், பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. பெண்கள் வருகிறார்கள், பின்வரிசையில் நிற்கிறார்கள், கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தண்ணீர் எந்த நேரத்துக்கு வருகிறது, குப்பை வண்டி எந்த நாள் வரவில்லை, எந்த முக்கில் விளக்கு இல்லாமல் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரப் பயப்படுகிறார்கள், இந்தத் தகவலெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. தனியாகப் பேசத் தயக்கம் என்றால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள்.

"தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்கு போன் செய்தால் 'எங்கள் வேலை இல்லை' என்கிறார்கள். அப்படியென்றால் யாருடைய வேலை?" (கல்லூரி மாணவர்)

தம்பி, அவர்கள் சொன்னது சரிதான். வீட்டில் மின்சாரம் போனால், கம்பி அறுந்தால், டிரான்ஸ்பார்மர் பழுதானால் மின்வாரியம். அதற்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 இருக்கிறது. விளக்கு மட்டும் உள்ளாட்சியைச் சேர்ந்தது. சென்னை மாநகராட்சி என்றால் 1913, மற்ற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி அலுவலகம். கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துச் சொல்லுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

"அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சொத்து வரி ரசீது இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. நான்தான் கட்டுகிறேன். என் பெயருக்கு மாற்றிவிட்டால் வீடு என்னுடையது ஆகிவிடும் என்கிறார் தங்கை, அதனால் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?" (தனியார் நிறுவன ஊழியர்)

முதலில் உங்கள் தங்கையின் பயத்தைப் போக்குங்கள். சொத்து வரி ரசீது யாருக்கும் வீட்டைச் சொந்தமாக்கித் தராது. வரியை யாரிடம் வசூலிப்பது என்று உள்ளாட்சி வைத்துக்கொள்ளும் கணக்கு அது, அவ்வளவுதான். உரிமை என்பது பதிவான பத்திரத்திலும் வாரிசுரிமையிலும் இருக்கிறது. தங்கைக்கு உள்ள பங்கு ரசீதில் பெயர் மாறியதால் ஒரு அங்குலம்கூடக் குறையாது. நான் வேலையில் இருந்தபோது இந்த ரசீதை வைத்து அண்ணன் தம்பி பேசாமல் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அத்தனையும் வீண் சண்டை.

இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அப்பாவின் பத்திர நகல், கடைசியாகக் கட்டிய வரி ரசீது இவற்றோடு விண்ணப்பியுங்கள். பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள். நீங்களும் தங்கையும் இன்னும் பாகம் பிரிக்கவில்லை என்றால் வாரிசுகள் எல்லோர் பெயரையும் சேர்த்தே மாற்றக் கேளுங்கள், வீட்டிலும் நிம்மதியாக இருக்கும். குடிநீர் இணைப்பும் மின் இணைப்பும் தனித்தனி, வரியில் மாறினால் அங்கே தானாக மாறாது.

கூடவே ஒரு லாபமான விஷயம். வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஆகவே ஏப்ரல், அக்டோபர் மாதச் சம்பளம் வந்ததும் முதல் வேலையாக வரியைக் கட்டிவிடுங்கள்.

"எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே போடுகிறார்கள். இப்போது வாசல்படி ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் ஹாலுக்கு வருகிறது. மறுபடியும் ரோடு போடப் போவதாகச் சொல்கிறார்கள். தடுக்க முடியுமா?" (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சார், இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆயுள் முழுக்கச் சேர்த்துக் கட்டிய வீடு, வருடா வருடம் பள்ளத்துக்குள் போவதைப் பார்ப்பது கொடுமை. ரோட்டைத் தடுக்க வேண்டாம், சரியாகப் போட வைக்க முடியும். பழைய தார் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குத்தான் புதிய ரோடு போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்குத் தெளிவாக எழுதினார். சுரண்டி எடுப்பதை 'மில்லிங்' என்பார்கள். அந்த வார்த்தையையே நீங்களும் பயன்படுத்துங்கள், பொறியாளருக்கு உடனே புரியும்.

வேலை ஆரம்பிக்கும் முன்பே செய்ய வேண்டியது இது. தெருவில் நாலைந்து வீடுகளின் வாசல்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மில்லிங் செய்த பிறகே ரோடு போட வேண்டும் என்று ஆணையருக்கும் கவுன்சிலருக்கும் மனு கொடுங்கள். தார் லாரி வந்து நின்ற பிறகு சண்டை போட்டால் ஒப்பந்தக்காரரின் ஆட்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அவர்களோ கூலிக்கு வந்தவர்கள், அவர்களால் முடிவெடுக்க முடியாது.

கூடவே 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கேள்விகளை "ஏன்?" என்று கேட்காதீர்கள். ஏன் என்று கேட்டால், விளக்கம் தருவது இந்தச் சட்டத்தில் வராது என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த வேலையின் எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு நகல், முடிந்த பிறகு எம்-புக் நகல். எம்-புக் என்பது பொறியாளர் நேரில் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். பில் பாஸ் ஆவது அதை வைத்துத்தான். எஸ்டிமேட்டில் மில்லிங்குக்குப் பணம் ஒதுக்கியிருந்து தெருவில் மில்லிங் நடக்கவில்லை என்றால், அந்த இரண்டு தாளும் உங்கள் கையில் இருக்கும்போது யாரும் மழுப்ப முடியாது. சட்டத்தின் பிரிவு 2(ஜே) இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்.

நீங்கள் ஆசிரியராக இருந்தவர். தெருவில் இந்த மனுவை எழுதத் தெரியாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள் சார்.

"மகளுக்கு எட்டு வயது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. நாங்கள் இருக்கும் நகராட்சியில் கேட்டால் இங்கே பதிவே இல்லை என்கிறார்கள்." (இல்லத்தரசி)

குழந்தை எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்ததோ அந்த ஊர் உள்ளாட்சியில்தான் பதிவு இருக்கும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் இருக்காது. அங்கே போங்கள். பெயர் சேர்க்க முதல் ஒரு வருடத்துக்குக் கட்டணம் இல்லை, அதன் பிறகு பதிவான நாளிலிருந்து 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பள்ளிச் சான்றில் உள்ள எழுத்தும் இதில் உள்ள எழுத்தும் இன்ஷியல் உட்பட ஒன்றாக இருக்கட்டும்.

"எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது கிராம சபை கூடுவதில் அர்த்தம் இருக்கிறதா? யாரிடம் போய்க் கேட்பது?" (விவசாயி)

இருக்கிறது ஐயா. இப்போதுதான் கட்டாயம் போக வேண்டும். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். ஒரே அலுவலர் ஒன்றியத்தின் பல ஊராட்சிகளைப் பார்க்கிறார், அதனால் உங்கள் ஊர் பைப் உடைந்த செய்தி அவருக்குத் தானாகப் போய்ச் சேராது. தலைவர் இருந்தால் டீக்கடையில் நிறுத்திக் கேட்கலாம். இப்போது ஊராட்சிச் செயலரையும் கிராம சபையையும் விட்டால் ஊருக்குள்ளேயே கேட்பதற்கு இடம் இல்லை.

தலைவர் இல்லாததால் சபை கலைந்துவிடாது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊரின் வாக்காளர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். முன்பு நான்குதான் இருந்தது, மார்ச்சும் நவம்பரும் பின்னால் சேர்த்தவை. ஆனால் ஆள் வர வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால் நீங்கள் மட்டும் போகாமல் பத்துப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். கையெழுத்து நோட்டில் ஊர் நிறைந்திருந்தும் பந்தலில் ஆளில்லை என்றால் எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள். படிவம் 30 என்று அதற்குப் பெயர், சுருக்கத்தைப் பேனராக வைத்திருக்க வேண்டும். மோட்டார் பழுதுபார்த்த செலவு, பிளீச்சிங் பவுடர் செலவு, தெருவிளக்குச் செலவு எல்லாம் அதில் வரும். உங்கள் ஊர் மோட்டார் எத்தனை முறை பழுதானது என்று ஊருக்கே தெரியும், அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கேளுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். காலித் தாளில் வேண்டாம்.

கூட்டம் காலனிப் பக்கம் நடந்தே நீண்ட நாள் ஆகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். குக்கிராமம் தோறும் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பது விதிமுறை. மதம் சார்ந்த இடங்களில் நடத்தக் கூடாது என்பதும் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு வரும். அது வருவதற்கு முன்னாலேயே, இந்த முறை காலனியில் வையுங்கள் என்று ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு ஊராட்சிச் செயலருக்கு ஒரு கடிதமும், வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு நகலும் கொடுத்துவிடுங்கள்.