யார் யாரைக் கவனிப்பது?

கேள்வி: குடும்பத்தோடு சாப்பிடப் போன இடத்தில் சர்வர் எங்களைக் கவனிக்கவே இல்லை. தண்ணீருக்கே மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. டிப்ஸ் வைக்காமல் எழுந்து வந்துவிட்டேன். நான் செய்தது தப்பு என்கிறாள் மனைவி. நீங்கள் சொல்லுங்கள், சரிதானே?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இதோடு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன், ஆனால் ‘கவனிக்கவே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

தமிழில் இந்தக் ‘கவனி’ படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. வாத்தியார் ‘பாடத்தைக் கவனி’ என்றால் ஒன்று. விருந்துக்குப் போய் வந்தவர் ‘நல்லா கவனிச்சாங்க’ என்றால் வேறு. அதையே லாக்கப்பிலிருந்து நொண்டிக்கொண்டு வருகிறவன் சொன்னால் முற்றிலும் வேறு. ஃபைல் நகராத இடத்தில் ‘ஐயாவைக் கொஞ்சம் கவனிச்சிடுங்க’ என்று காதருகே சொன்னால் அதற்கு அகராதி தேவையே இல்லை. கூர்ந்து பார்ப்பது, உபசரிப்பது, உதைப்பது, கையில் வைத்து அழுத்துவது, நாலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. சாப்பாட்டு மேஜையில் இவற்றில் இரண்டு சந்திக்கின்றன: அவர் நம்மைக் கவனிக்க வேண்டும், நாம் அவரைக் ‘கவனிக்க’ வேண்டும். முதலாவது நடக்கவில்லை, அதனால் இரண்டாவதை நிறுத்தினேன் என்கிறீர்கள். கணக்கு நேராகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தச் சொல்லின் மூத்த அர்த்தம், கூர்ந்து பார்ப்பது, உங்கள் கணக்கில் எங்குமே வரவில்லை.

படிக்கிற காலத்தில் சாயங்காலங்களில் இரண்டு வருடம் டேபிள் பார்த்தவன் நான். அதனால் சொல்கிறேன். தண்ணீருக்கு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது என்றால் பெரும்பாலும் அன்றைக்கு ஒருவர் வேலைக்கு வரவில்லை, அவருடைய டேபிள்களையும் வந்தவர் தலையில் கட்டிவிட்டார்கள், அல்லது முதலாளி ஆளே குறைத்துவிட்டார். நீங்கள் கூப்பிடுவது அவருக்குக் காதில் விழாமல் இல்லை. ஒரு கையில் சூடான தட்டு, இன்னொரு கையில் எச்சில் தட்டு, உள்ளே சமையல்காரர் அவருடைய டேபிள் நம்பரைச் சொல்லிக் கத்துகிறார், கல்லாவில் பில் நிற்கிறது. அந்த நேரத்தில் உங்கள் பக்கம் திரும்பி ‘இதோ வரேன் சார்’ என்று சொன்னால் அது இன்னொரு சுமை, அதையும் ஞாபகத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதனால்தான் சிலர் தரையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். நானும் போயிருக்கிறேன். அது திமிரே கிடையாது, மூச்சு வாங்குவதற்கு இருந்த ஒரே இடம் தரைதான்.

ஞாபகம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான், பரவாயில்லை. புவனோஸ் ஐரிஸில் எதையும் எழுதிக்கொள்ளாமல் ஆர்டர் எடுக்கும் சர்வர்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள், 2008-ல் கட்டுரையாக வெளிவந்தது. எட்டுப் பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கொன்று கேட்டார்கள். சர்வர்கள் சரியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மறுபடி ஆர்டர் கொடுத்துவிட்டு, அவர் வருவதற்குள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் தடுமாறிவிட்டார்கள். அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் நம் முகத்தையும் நாம் கேட்ட பொருளோடு முடிச்சுப் போட்டுத்தான் அவர்கள் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். எட்டு முகம், எட்டு நாற்காலி, எட்டுப் பானம், இது ஒரு டேபிளுக்கு மட்டும். இதற்குப் பெயர்தான் கவனிப்பு! நம்மில் எத்தனை பேருக்கு, நமக்குப் பரிமாறியவர் கண்ணாடி போட்டிருந்தாரா என்பது பில் வரும்போது நினைவிருக்கிறது?

சரி, டிப்ஸுக்கு வருகிறேன். கவனிப்புக்குத் தக்கபடி டிப்ஸ் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் ஒரு கதை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல வருடங்களாக இதையே ஆராய்ந்தவர். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு டேபிளுக்கும் இன்னொரு டேபிளுக்கும் டிப்ஸில் இருக்கும் வித்தியாசத்தில் சேவையின் தரத்தால் வந்தது 2 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. சர்வர் டேபிள் பக்கத்தில் குத்துக்காலிட்டுக் கண்ணுக்கு நேராகப் பேசினால் கூடுகிறது. நெதர்லாந்தில் ஒரு சோதனையில், நாம் கேட்டதை அதே வார்த்தைகளில் திருப்பிச் சொன்னபோது கூடியது. தண்ணீர் எப்போது வந்தது என்பதை வைத்து நீதி வழங்குவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், நம் கையோ வேறு எதையெதையோ பார்த்துப் பர்ஸைத் திறக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டையையும் முடித்துக்கொள்கிறேன். ‘டிப்ஸ் என்பது வேகத்தை உறுதி செய்வதற்காக என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள்’ என்று ஒரு வாசகர் எனக்கு இதுவரை நான்கு கடிதம் எழுதிவிட்டார். ஐயா, இல்லை. கொடு, தள்ளு என்ற பொருளில் அந்தச் சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் திருடர்களின் குழூஉக்குறியில் இருந்தது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் பழக்கம் பரவியது மிகவும் பின்னால். தவிர, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு வைக்கும் காசு எந்த வேகத்தை உறுதி செய்யும்? ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் குடிக்கக் காசு என்ற பொருளில் டிரிங்கெல்ட், பூர்புவார் என்று வெளிப்படையாகவே பெயர் வைத்துவிட்டார்கள். ஐந்தாவது கடிதம் வேண்டாம்.

இந்தச் சண்டையை நான் விடாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பொய்க்கதை, டிப்ஸை நமக்கும் சர்வருக்கும் நடுவில் நடக்கும் தனிக் கொடுக்கல் வாங்கலாகக் காட்டிவிட்டு, முதலாளியை நைசாக வெளியே அனுப்பிவிடுகிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு புல்மன் கம்பெனி தன் ரயில் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை. சம்பளம் மிகக் குறைவு, மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்பது ஏற்பாடு. பயணிகளோ அத்தனை பேரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள், முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன் என்பதால். படுக்கை விரித்துக் கொடுத்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தவருக்குத் தன் பெயர்கூடச் சொந்தமில்லை! 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 1937-ல்தான் கம்பெனியிடம் ஒப்பந்தம் வாங்கினார்கள். அந்த ஏற்பாடு அதோடு ஒழிந்ததா? டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி அமெரிக்க மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து மாறவே இல்லை. டிப்ஸ் சேர்ந்தும் 7.25 டாலரைத் தொடாவிட்டால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு டிப்ஸ் குறைந்துபோச்சு என்று போய் நின்றால் மறுநாள் எந்த டேபிள்கள் கிடைக்கும் என்பது வேலை செய்கிறவருக்குத் தெரியும். பிரிட்டனில் டிப்ஸில் முதலாளி கை வைக்கக் கூடாது என்று தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது, 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சில இடங்களில் அந்தக் காசு எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள்.

அதனால் என் பதில் இது. டிப்ஸை நம்பியே சம்பளம் போடும் இடத்தில் அதை நிறுத்துவது கூலியைப் பிடிப்பதற்குச் சமம், அந்த உரிமையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. முழுச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் அங்கேயும் தண்டனையாக நிறுத்துவதில் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அவருக்கு அது புரியப் போவதில்லை. மறந்துவிட்டீர்களா, கஞ்சரா, கோபமா, வெற்று மேஜையைப் பார்த்து அவர் என்ன தெரிந்துகொள்வார்? குறை இருந்தால் வாயால் சொல்லுங்கள். ‘தம்பி, தண்ணி வர லேட்டாயிடுச்சு, என்ன ஆச்சு?’ என்று கேட்டால் காரணம் அவரிடமிருந்தே வந்துவிடும். காரணம் ஆள் பற்றாக்குறை என்றால் கல்லாவுக்குப் போய் அங்கே சொல்லுங்கள், அங்கேதான் அதைச் சரிசெய்ய முடியும். கவனக்குறைவுதான் என்றால் அவரிடமே சொல்லுங்கள், நல்ல சர்வர் அதைக் கேட்டுக்கொள்வார். விரல் சொடுக்குவது, ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவது, ‘ஏய்’ என்பது, இவற்றைச் செய்கிறவர்கள் எவ்வளவு டிப்ஸ் வைத்தாலும் எனக்கு மரியாதை கிடையாது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. பணம் கட்டப் போன இடத்தில் ‘சர்வர் டவுன், அப்புறம் வாங்க’ என்றால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து மறுநாள் மறுபடி வரிசையில் நிற்கிறோம். அந்த சர்வர் இரும்புப் பெட்டி, அதற்குக் கால் வலிக்காது, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்காது, அதற்கு நாள் முழுக்கப் பொறுமை காட்டுகிறோம். ரத்தமும் சதையுமாக நடக்கிற சர்வர் பத்து நிமிஷம் டவுன் ஆனால் நமக்குப் பொறுக்கவில்லை!

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். தண்ணீர் இருக்கிறது, மூன்று முறை இருக்கிறது, மனைவி இருக்கிறார். அந்த சர்வர் எத்தனை டேபிள் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் இல்லை. மறுபடி அங்கே போனால் எண்ணிப் பார்த்து எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.