மன்னார்ப் பக்கத்துத் தீவுக்காணியும் கிணறும்: கேள்வி பதில் (முன்னால இருக்கிறது கேட்டவையின்ர ஊர்)

பேசாலை: ஐயா, கோடையில கிணறு உவர்க்குது. ஆழமா குழாய்க்கிணறு அடிக்கட்டோ?

அடிக்காதேங்கோ தம்பி. மன்னார்த்தீவில ஆறு இல்லை. மாரிமழை மணலுக்குள்ள இறங்கி, கடல்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல்மட்டத்துக்கு மேல நன்னீர் 1 அடி நிண்டால், கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த 1 அடியை மோட்டர் போட்டு வத்தப்பண்ணினால் கீழயிருந்து உப்பு ஏறும். ஆழம் குறைஞ்ச, அகலமான கிணறு கட்டி, விட்டு விட்டு இறையுங்கோ.

தாழ்வுபாடு: மலக்குழி எவ்வளவு தூரத்தில?

கிணத்திலயிருந்து 50 அடிக்குக் குறையக் கூடாது. மணல் காணியெண்டால் இன்னும் தள்ளுங்கோ. பக்கத்து வீட்டுக் கிணத்துக்கும் அளவுங்கோ.

தலைமன்னார்: கரையில விடுதி கட்டலாமோ?

கடல் ஏறி நிக்கிற உயர்நீர்க் கோட்டிலயிருந்து உள்ளுக்கு 300 மீற்றர் 1981 சட்டப்படி கரையோர வலயம். அதுக்குள்ள கட்டிறதெண்டால் கரையோரம் பேணல் திணைக்களத்தில கேளுங்கோ. எத்தனை அறை எண்டதைக் கிணத்தைப் பாத்து முடிவெடுங்கோ.

எருக்கலம்பிட்டி: மணலிலயிருந்து இல்மனைட் எண்ட கனத்த தாதுவைப் பிரிச்செடுத்திட்டு மிச்ச மண்ணைத் திருப்பிக் கொட்டுவினமாம். பிறகென்ன?

கனத்த மணல் போனால் தரை தணியும். தணிஞ்ச இடத்தில மாரிக்கு வெள்ளம் நிக்கும். கோடையில வெயில் நிலத்தடித் தண்ணியை உறிஞ்ச, உப்புப் படியும். பனங்கூடலும் போகும். புதுசா கொட்டை நட்டால் காய்க்க 12, 15 வருசமெண்டாலும் செல்லும்.

வவுனியா: மணலும் வேண்டாம், காற்றாலையும் வேண்டாமெண்டால் பெடியளுக்கு வேலை எங்க?

காற்றாலை வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. தெற்குக் கரையில 2020 இல திறந்த தம்பபவனி மின் நிலையத்தில 30 காற்றாலை, 103.5 மெகாவாற். மின்சாரம் வேணும். ஆனால் அத்திவாரத்துக்கும் பாதைக்கும் மண்ணை உயர்த்தி, வெள்ளம் கடலுக்கு ஓடுற வாய்க்காலை மறிச்சால் வீட்டுக்குள்ள தண்ணி வரும். வங்காலைப் பக்கம் மாரியில பூநாரை இறங்குது. 2010 இலயே அதை ராம்சார் இடமாக்கினவை, அதாவது உலகளவில பாதுகாக்கவேண்டிய ஈரநிலம். இதெல்லாம் பாத்துத்தான் இடம் குறிக்கவேணும்.

அதே வவுனியா: பறவைக்காக மனிசர் பட்டினி கிடக்கிறதோ?

மீன்பிடியும் பனையும் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுது? அதையும் கணக்கில எடுத்துப்போட்டுக் கேளுங்கோ.

முருங்கன்: தீவிலயுள்ள மச்சானுக்குக் குழாய்க்கிணறு...

மேல பேசாலைக்குச் சொன்னதை வாசியுங்கோ.

இரணைதீவு: 1992 இல இடம்பெயர்ந்து 2018 இல திரும்பின நாங்கள் முதல் என்ன செய்யிறது?

பழைய கிணறுகளை இறைச்சுத் துப்புரவாக்குங்கோ அம்மா. ஒவ்வொண்டிலயும் தண்ணி உவரோ நன்னீரோ எண்டு மாதாமாதம் கொப்பியில எழுதுங்கோ. ஐப்பசிக்கு முன்னம் கூரைப் பீலியும் மழைத்தொட்டியும். இறங்குதுறை கட்டவோ பண்ணை போடவோ ஆக்கள் திட்டப் படத்தோட வந்தால், அந்தக் கொப்பியைக் காட்டிப்போட்டுப் பேசுங்கோ.